கதையைப் பிரித்துப் படிப்பது எப்படி? இலக்கியக் கலைச்சொற்களுக்கு ஒரு மாணவர் வழிகாட்டி

'இக்கதையில் அமைந்துள்ள முரண்நகையை விளக்குக' என்று தேர்வில் ஒரு கேள்வி வருகிறது. முரண்நகைக்கு மூன்று வரியில் இலக்கணம், பிறகு ஒரு பக்கத்துக்குக் கதைச் சுருக்கம். பெரும்பாலான விடைகள் இப்படித்தான் இருக்கும். இலக்கணம் சரி, சுருக்கமும் சரி, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் இருக்காது. ஒரு கலைச்சொல்லின் பொருள் தெரிந்தால் மட்டும் போதாது. அது இந்தக் கதையில் எந்த வரியில் இருக்கிறது, அந்த வரியை எடுத்துவிட்டால் கதைக்கு என்ன ஆகும் என்று காட்டத் தெரிய வேண்டும்.

அதனால் இங்கே சொற்களைப் பட்டியல் போடப் போவதில்லை. இதற்கென்றே எழுதிய ஒரு குட்டிக் கதையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் அதில் தேடிப் பார்ப்போம். முதலில் கதையை ஒருமுறை நிதானமாகப் படித்துவிடுங்கள்.

குடை

காலையில் வானம் வெளிறிக் கிடந்தது. மேற்கே மட்டும் ஒரு கறுப்புத் திட்டு.

"எதுக்கும் இதைக் கொண்டு போ" என்று தாத்தா தன் குடையை நீட்டினார். ஒரு கம்பி வளைந்து, கிழிந்த இடத்தில் வேறு நிறத் துணி வைத்துத் தைத்த குடை. வீட்டில் இருந்த ஒரே குடையும் அதுதான். சுடர் வாங்கிக்கொண்டாள். பேருந்தில் தோழிகள் ஏறுவதற்குள் அதை இருக்கைக்கு அடியில் தள்ளினாள். இறங்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

மாலையில் மழை கொட்டியது. அவள் இறங்கிய நிறுத்தத்தில் தாத்தா நின்றுகொண்டிருந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

"குடை எங்கேம்மா?"

"மறந்துட்டேன் தாத்தா."

"மறதியில அப்படியே என்னை மாதிரி" என்று சிரித்தார்.

கிளம்பிய பேருந்து சற்றுத் தள்ளி நின்றது. நடத்துநர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். "பாப்பா, காலையில விட்டுட்டுப் போயிட்டியே!"

சுடர் குடையை விரித்தாள். வளைந்த கம்பி இருந்த பக்கத்தைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். இருவரும் நடந்தார்கள்.

படி 1: கதையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

யாருக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது, முடிவில் என்ன மாறுகிறது. இந்த மூன்றும் அந்த வாக்கியத்தில் வந்துவிட வேண்டும். 'குடை'க்கு இப்படி எழுதலாம்: பழைய குடையைப் பிடிக்கக் கூச்சப்பட்டு அதைக் கைவிடும் ஒரு சிறுமி, தாத்தா நனைந்து நிற்பதைப் பார்த்தபின் அதே குடையை அவருக்காகப் பிடிக்கிறாள்.

இந்த வாக்கியம் வரவில்லை என்றால் கதை இன்னும் பிடிபடவில்லை என்று பொருள். இன்னொரு முறை படியுங்கள். இதைத் தாண்டிப் போய் உவமை, படிமம் என்று தேடுவதில் பயனில்லை.

படி 2: நிகழ்ச்சிகள் எப்படிக் கோக்கப்பட்டிருக்கின்றன?

கதை வேறு, கதைப்பின்னல் வேறு. ஆங்கில எழுத்தாளர் இ. எம். ஃபார்ஸ்டர் நாவல் கலை பற்றி ஆற்றிய உரைகள் 1927-இல் நூலாக வந்தன. இந்த வேறுபாட்டுக்கு அதில் அவர் தந்த எடுத்துக்காட்டு இன்றும் வகுப்புகளில் சொல்லப்படுகிறது. அரசன் இறந்தான், பிறகு அரசி இறந்தாள் என்றால் அது கதை. அரசன் இறந்தான், அந்தத் துயரம் தாங்காமல் அரசி இறந்தாள் என்றால் அது பின்னல். முதலாவதில் 'அப்புறம்?' என்று கேட்கிறோம். இரண்டாவதில் 'ஏன்?' என்ற கேள்வி வந்துவிடுகிறது.

பின்னலின் வடிவத்தை விளக்கப் பலரும் எடுத்துக்கொள்வது ஜெர்மானிய எழுத்தாளர் குஸ்டாவ் ஃப்ரைடாக் 1863-இல் முன்வைத்த கூம்பு வடிவம். அறிமுகம், ஏறுமுகம், உச்சம், இறங்குமுகம், முடிவு என்று ஐந்து கட்டங்கள். ஒன்றை நினைவில் வையுங்கள்: அவர் இதை நாடகங்களுக்காகச் சொன்னார். சிறுகதையில் ஐந்தும் சம அளவில் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. 'குடை'யில் இறங்குமுகம் ஏறக்குறைய இல்லவே இல்லை. உச்சம் முடிந்ததும் 'இருவரும் நடந்தார்கள்' என்ற இரண்டு சொற்களோடு கதை நின்றுவிடுகிறது.

உச்சம் எது? நடத்துநரின் கை வெளியே வரும் இடம் என்று பலர் சொல்வார்கள். சத்தமும் திருப்பமும் அங்கேதான் இருக்கின்றன. எனக்கு அது சரியாகப் படவில்லை. அங்கே சுடர் எதையும் முடிவு செய்யவில்லை; நிகழ்ச்சி அவளுக்கு நேர்கிறது, அவ்வளவுதான். குடையைத் திருப்பிப் பிடிக்கும்போதுதான் முதல் முறையாகக் கூச்சத்துக்கு எதிராக ஒன்றைச் செய்கிறாள். அதுவே உச்சம் என்பேன். நீங்கள் மறுக்கலாம். காரணத்தைக் கதையின் வரியிலிருந்து காட்டினால் இரண்டு விடைக்குமே மதிப்பெண் தர இடமிருக்கிறது.

நிகழ்ச்சிகள் நடந்த வரிசையிலேயே சொல்லப்பட்டால் அது நேர்கோட்டுக் கதைசொல்லல். மாலை நிறுத்தத்தில் தொடங்கி, சுடர் காலையை நினைத்துப் பார்ப்பதாக எழுதியிருந்தால் அது பின்னோக்கு உத்தி. அவள் எண்ணங்கள் ஒழுங்கில்லாமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும்படி அப்படியே எழுதினால் நனவோடை.

படி 3: முரண் எங்கே இருக்கிறது?

மனிதருக்கும் மனிதருக்கும், மனிதருக்கும் சமூகத்துக்கும், மனிதருக்கும் இயற்கைக்கும், மனிதருக்கும் அவர் மனத்துக்கும் என்று நான்காகப் பிரிப்பது வழக்கம். முதல் மூன்றும் புறப்போராட்டம், கடைசியாக உள்ளது அகப்போராட்டம்.

'குடை'யில் மழை கொட்டுவதால் 'இயற்கையோடு போராட்டம்' என்று எழுதத் தோன்றும். சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. மழை சட்டென்று நின்றுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். சுடரின் சிக்கல் தீர்ந்துவிடுமா? தீராது. தாத்தாவிடம் சொன்ன பொய் அப்படியே இருக்கும், கூச்சமும் அப்படியே இருக்கும். எனவே மையமான போராட்டம் அவளுக்குள் நடப்பது. தோழிகள் என்ன நினைப்பார்கள் என்ற பயம் அதைத் தூண்டிவிடுகிறது. மழை அதை வெளியே கொண்டுவருகிறது.

படி 4: மாந்தர்களைப் பாருங்கள்

முதன்மைப் பாத்திரம் என்றால் நல்லவர் என்று பொருளில்லை. யாருடைய விருப்பத்தையும் முடிவையும் பற்றிக்கொண்டு கதை நகர்கிறதோ அவர்தான் முதன்மைப் பாத்திரம். சுடர் பொய் சொல்கிறாள், இருந்தும் கதை அவளுடையதுதான். எதிர்ப் பாத்திரமும் எல்லாக் கதையிலும் இருக்க வேண்டியதில்லை. இங்கே அப்படி யாரும் இல்லை.

முன்னே சொன்ன அதே நூலில்தான் தட்டைப் பாத்திரம், முழுமைப் பாத்திரம் என்ற பிரிவும் வருகிறது. ஒரே குணத்தோடு வந்து போவது தட்டை. நம்பும்படியாகவே நம்மை வியக்க வைப்பது முழுமை. தாத்தாவின் அன்பு தவிர வேறெதுவும் நமக்குத் தெரிவதில்லை. நடத்துநருக்குப் பெயர்கூட இல்லை. இதை ஆசிரியரின் குறையாக எழுதிவிடாதீர்கள். சிறுகதையில் எல்லாரும் முழுமையாக இருந்தால் கதை நகராது.

பாத்திர வார்ப்பு இரண்டு வகை. 'சுடர் கூச்சப்பட்டாள்' என்று கதைசொல்லியே சொல்லிவிட்டால் நேரடி வார்ப்பு. செயல், பேச்சு, தோற்றம், பிறர் அவரிடம் நடந்துகொள்ளும் விதம் ஆகியவற்றால் நாமே ஊகித்துக்கொண்டால் மறைமுக வார்ப்பு. கதையைத் திரும்பப் பாருங்கள், கூச்சம் என்ற சொல்லே அதில் இல்லை. பிறகு நமக்கு எப்படித் தெரிந்தது? 'தோழிகள் ஏறுவதற்குள்' என்ற இரண்டு சொற்களால்தான். அவற்றை மட்டும் அடித்துவிட்டுப் படியுங்கள். குடையை இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டு மறந்துபோன, கவனமில்லாத ஒரு பிள்ளையாகச் சுடர் மாறிவிடுவாள். முழுக் கதையும் அந்த இரண்டு சொற்களின் மேல்தான் நிற்கிறது. விடையில் சான்றாக மேற்கோள் குறிக்குள் போட வேண்டியது இப்படிப்பட்ட சொற்களைத்தான்.

படி 5: களமும் காலமும்

எங்கே, எப்போது என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இங்கே சற்று நிற்பது நல்லது, ஏனென்றால் தமிழ் இலக்கணம் மிக நுட்பமாக யோசித்திருக்கும் இடம் இது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. அந்த நிலத்துக்கு உரிய தெய்வம், விலங்கு, மரம், தொழில் போன்றவை கருப்பொருள். அங்கே நிகழும் உணர்வு அல்லது ஒழுக்கம் உரிப்பொருள். இடமும் நேரமும் உணர்ச்சியோடு கட்டப்பட்டவை என்பது இதன் அடிப்படை. முல்லைக்குக் கார்காலமும் மாலையும் பொழுது. அதன் உரிப்பொருள் இருத்தல், அதாவது பிரிந்தவர் வரும்வரை காத்திருத்தல்.

இப்போது 'குடை'யை நினைத்துப் பாருங்கள். மழை, மாலை, ஒருவர் காத்து நிற்கிறார். முல்லைப் பாட்டில் காத்திருப்பவள் தலைவி, இங்கே ஒரு தாத்தா. அகத்திணையைக் கொண்டுவந்து இந்தக் கதையின் மேல் ஒட்டச் சொல்லவில்லை. காத்திருப்புக்கு மழையும் மாலையும் ஏன் இவ்வளவு பொருந்துகின்றன என்று கேட்கப் பழகினால், களம் பற்றிய விடை 'பேருந்து நிறுத்தம்' என்பதோடு நிற்காது.

ஒரு எச்சரிக்கை: இன்றைய வினாத்தாள்களில் கதையின் மையக்கருத்தைக் கேட்கவும் 'கருப்பொருள்' என்றே எழுதுவது உண்டு. திணை பற்றிய கேள்வியா, கதை பற்றிய கேள்வியா என்று பார்த்து விடை எழுதுங்கள்.

படி 6: யார் சொல்கிறார்? யார் கண்ணால் பார்க்கிறோம்?

இது நோக்குநிலை. மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். முதல் விதி: கதைசொல்லி வேறு, ஆசிரியர் வேறு. 'நான்' என்று கதை தொடங்கினாலும் அந்த நான் ஒரு பாத்திரம்தான்.

ஒரே இடத்தை மூன்று விதமாக எழுதிப் பார்ப்போம்.

"தாத்தாவைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. மறந்துவிட்டேன் என்று சொன்னேன்." இது தன்மை நோக்குநிலை. சுடரின் மனம் நமக்குத் திறந்திருக்கிறது, தாத்தாவின் மனம் மூடியிருக்கிறது.

"சுடர் பொய் சொன்னாள். அது பொய் என்று தாத்தாவுக்கும் தெரியும், ஆனால் அவர் காட்டிக்கொள்ளவில்லை." இது எல்லாம் அறிந்த படர்க்கை. இரண்டு மனத்துக்குள்ளும் கதைசொல்லி போய்வருகிறார். இப்படி எழுதினால் தாத்தாவின் சிரிப்புக்கே வேறு பொருள் வந்துவிடுகிறது, கவனித்தீர்களா?

கதையில் உண்மையில் இருப்பது மூன்றாவது வகை. கதைசொல்லி சுடரைப் பின்தொடர்கிறார், அவள் செய்வதையும் சொல்வதையும் மட்டும் காட்டுகிறார், மனத்துக்குள் நுழைவதில்லை. இதைப் புறவயமான படர்க்கை எனலாம். அதனால் தாத்தாவுக்கு உண்மை தெரியுமா தெரியாதா என்பது கடைசிவரை திறந்தே இருக்கிறது. நடத்துநர் 'விட்டுட்டுப் போயிட்டியே' என்று சொல்லும்போது அவர் கொஞ்சம் ஊகித்திருக்கலாம், ஊகிக்காமலும் இருக்கலாம். 'நோக்குநிலையால் விளையும் பயன் யாது' என்று கேட்டால் எழுத வேண்டியது இதைத்தான்.

இன்னொரு சொல்லும் உண்டு: நம்பத்தகாத கதைசொல்லி. அமெரிக்கத் திறனாய்வாளர் வேய்ன் பூத் 1961-இல் வெளியிட்ட நூலில் பெயரிட்டுப் பரவச் செய்த கருத்து இது. இதே கதையைச் சுடரே பல ஆண்டுகள் கழித்து 'அன்றைக்குக் குடையைப் பேருந்தில் மறந்துவிட்டேன்' என்று தொடங்கி, ஆனால் 'தோழிகள் ஏறுவதற்குள்' என்பதையும் தன்னை அறியாமல் சொல்லிவிட்டால், அவள் நம்பத்தகாத கதைசொல்லி. அவள் சொல்வதற்கும் நாம் புரிந்துகொள்வதற்கும் இடையே ஒரு விரிசல் விழுகிறது.

படி 7: முரண்நகையும் முன்னுணர்த்தலும்

முரண்நகை மூன்று வகை. சொல்வது ஒன்று, கருதுவது அதற்கு நேர்மாறு என்றால் சொல் முரண்நகை. ஒரு மணி நேரம் தாமதமாக வந்தவரை "இவ்வளவு சீக்கிரம் வந்துட்டீங்களே!" என்பது அது. இதன் நெருங்கிய உறவாகத் தமிழ் அணியிலக்கணத்தில் வஞ்சப்புகழ்ச்சி, அதாவது புகழ்வது போல் இகழ்வது இருக்கிறது. புறநானூறு 95-ஆம் பாடலில், தொண்டைமானின் படைக்கருவிகள் பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி அழகாக இருக்கின்றன என்று ஔவையார் புகழ்கிறார். அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்கிறார். போரையே பார்க்காத கருவிகள் எவை என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக நிகழ்ந்தால் நிகழ்வு முரண்நகை. குடையைக் கொடுத்தவர்தான் நனைகிறார். தொலைத்துவிட நினைத்த குடை, தோழிகளுக்கு முன்னால் வராமல் பொய்யைக் கேட்டவருக்கு முன்னாலேயே திரும்பி வருகிறது. மூன்றாவது நாடக முரண்நகை: வாசகருக்குத் தெரிந்த உண்மை பாத்திரத்துக்குத் தெரியாமல் இருப்பது. 'மறதியில அப்படியே என்னை மாதிரி' என்று தாத்தா சிரிக்கும் இடம் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அது மறதி இல்லை என்று நமக்குத் தெரியும், சுடருக்கும் தெரியும்; தாத்தாவுக்குத் தெரிந்ததாகக் கதை காட்டவில்லை. அவர் தன்னையும் அவளையும் ஒன்றாக வைத்துச் சிரிக்கும்போது நம்மால் சேர்ந்து சிரிக்க முடிவதில்லை.

வெறும் தற்செயலை முரண்நகை என்று எழுதிவிடாதீர்கள். அதே பேருந்து மாலையில் வந்தது தற்செயல்தான்.

முன்னுணர்த்தல் என்பது பின்னால் வரப்போவதை முன்பே குறிப்பாகக் காட்டுவது. 'மேற்கே மட்டும் ஒரு கறுப்புத் திட்டு' அதைச் செய்கிறது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில்மேல் பறக்கும் கொடிகள் 'வர வேண்டாம்' என்று கையசைப்பது போல் அசைகின்றன. காற்றில் இயல்பாக அசையும் கொடியின் மேல் கவிஞர் தன் கருத்தை ஏற்றிச் சொல்வதால் அது தற்குறிப்பேற்ற அணி. அங்கே காத்திருக்கும் கேட்டைக் காட்டுவதால் முன்னுணர்த்தலும்கூட. ஒரே வரிக்கு இரண்டு பெயர் பொருந்துவதில் தவறில்லை.

படி 8: உவமை, உருவகம், படிமம், குறியீடு

உவமையில் இரண்டு பொருள்கள் தனித்தனியே நின்று ஒப்பிடப்படுகின்றன: நிலவு போன்ற முகம், சுருக்கினால் மதிமுகம். உருவகத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன: முகமதி, அதாவது முகமாகிய மதி. உவமை முன்னே வந்தால் உவமைத்தொகை, பின்னே போனால் உருவகம் என்று அடையாளம் கண்டுகொள்ளலாம்.

'குடை'யில் உவமை உண்டா? 'என்னை மாதிரி' என்பதைக் காட்டிச் சிலர் ஆம் என்பார்கள். தாத்தாவும் பேத்தியும் மறதிக்காரர்கள் என்று நேராகச் சொல்லும் ஒப்பீடு அது. உவமையணி என்றால் வேறு வகைப் பொருள் ஒன்று வந்து இந்தப் பொருளை விளக்கி அழகு சேர்க்க வேண்டும். ஆகவே இந்தக் கதையில் உவமை இல்லை. இல்லாததை இல்லை என்று எழுதுவதும் நல்ல விடைதான்.

படிமம் ஐம்புலன்களில் ஒன்றைத் தொட வேண்டும். 'சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது' என்று படித்ததும் ஈரத்தை உணர்கிறோம். எவ்வளவு நேரமாக நின்றிருப்பார் என்பதைக் கதை சொல்லவில்லை, சட்டை சொல்லிவிடுகிறது.

குறியீட்டைக் கண்டுபிடிக்க இரண்டு கேள்விகள் போதும். அந்தப் பொருள் திரும்பத் திரும்ப வருகிறதா? கதை திரும்பும் இடங்களில் அது இருக்கிறதா? குடைக்கு இரண்டுக்கும் ஆம். காலையில் அது சுடருக்கு அவமானம், மாலையில் தாத்தாவின் பரிவு. மழையைக் கண்ணீருக்குக் குறியீடு என்று எழுதிவிட ஆசை வரும். யாரும் அழவில்லை, கதையில் அதற்கு ஒரு வரிச் சான்றும் இல்லை. விட்டுவிடுங்கள்.

படி 9: தொனியும் மனநிலையும்

சொல்பவரின் குரல் தொனி; படிப்பவருக்குள் எழுவது மனநிலை. இந்தக் கதையின் தொனி அடக்கமானது, யாரையும் குறை சொல்வதில்லை. மனநிலை குற்றவுணர்வில் தொடங்கி நெகிழ்ச்சியில் முடிகிறது. தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளான (வெளியே தெரியும் உணர்வுகளான) நகை, அழுகை, இளிவரல், மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை ஆகியவற்றைத் தெரிந்துவைத்துக்கொண்டால், எல்லாக் கதைக்கும் 'சோகம்' என்ற ஒரே சொல்லைப் போட வேண்டியிருக்காது. காலையில் சுடரிடம் இருப்பது தன்னைச் சிறுமையாக உணரும் இளிவரல்.

படி 10: மையக்கருத்து

'அன்பு' என்று எழுதினால் அது பேசுபொருள், மையக்கருத்து ஆகாது. அன்பைப் பற்றி இந்தக் கதை என்ன சொல்கிறது என்று முழு வாக்கியமாக எழுத வேண்டும். 'பிறர் பார்வைக்குப் பயந்து நாம் மறைக்கும் பொருளில் நம்மேல் அன்புள்ளவரின் அக்கறை இருக்கக்கூடும்' என்று எழுதலாம். 'பெரியோர் சொல் கேள்' என்பது நீதி. இந்தக் கதைக்கு அது பொருந்தவும் இல்லை, ஏனென்றால் சுடர் தண்டிக்கப்படவில்லை. எழுதிய வாக்கியத்தைக் கதையின் முடிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முடிவு அதை மறுத்தால் வாக்கியத்தை மாற்றுங்கள்.

படி 11: விடையாக எழுதுவது

முதலில் ஒரு பலவீனமான விடை: "இக்கதையில் முரண்நகை சிறப்பாக அமைந்துள்ளது. தாத்தா நனைகிறார். இது படிப்போர் மனத்தைத் தொடுகிறது." 'சிறப்பாக', 'மனத்தைத் தொடுகிறது' என்பவை எந்தக் கதைக்கும் எழுதக்கூடியவை.

இப்போது திருத்தியது: "சுடர் குடையை வேண்டுமென்றே விட்டுவந்ததை 'தோழிகள் ஏறுவதற்குள்' என்ற தொடரால் வாசகர் அறிவர், தாத்தா அறிந்ததாகக் கதை காட்டவில்லை. அவர் 'மறதியில அப்படியே என்னை மாதிரி' என்று பெருமையோடு சிரிப்பது நாடக முரண்நகை. கோபப்பட்டிருந்தால் சுடருக்குத் தப்பிக்க ஒரு வழி கிடைத்திருக்கும். அவர் நம்பியவராய்ச் சிரிப்பதால் பொய்யின் சுமை கூடுகிறது. அதனாலேயே குடையின் வளைந்த பக்கத்தை அவள் தன் பக்கம் திருப்புவது சொல்லப்படாத மன்னிப்பாகிறது."

எதைச் செய்திருக்கிறது பாருங்கள்: கலைச்சொல் ஒன்று, கதையிலிருந்து இரண்டு சிறு மேற்கோள்கள், அதன் விளைவு, பிறகு முடிவோடு ஒரு இணைப்பு. கதைச் சுருக்கம் தேவைக்கு மேல் ஒரு வரிகூட இல்லை.

பயிற்சிக்கு ஒன்று. நடத்துநர் வரும் இரண்டு வரிகளையும் நீக்கிவிட்டு, சுடரும் தாத்தாவும் நனைந்தபடியே நடந்து போவதாகக் கதையை முடித்துப் பாருங்கள். மேலே பார்த்தவற்றில் எவை அப்படியே நிற்கின்றன, எவை விழுகின்றன? நாடக முரண்நகை நிற்கும். குடை இன்னும் குறியீடுதானா? உச்சம் எந்த வரிக்கு நகர்கிறது? மையக்கருத்து வாக்கியத்தை எப்படி மாற்ற வேண்டியிருக்கும்? ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரியில் விடை எழுதிவிட்டு, அடுத்து உங்கள் பாடநூலில் உள்ள கதையை எடுத்து முதல் படியிலிருந்து தொடங்குங்கள்.